வாத்தின் கழுத்துக்குள் ஒயர் இழுத்த நாள்

ரீகாவில் டிசம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிடும் சூரியன்.
அதனால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.
ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது,
கருவிப்பெட்டி பதினோரு கிலோ.
கதவைத் திறந்தவர் ஸ்கைத்ரீதே,
துறைமுகத்தில் எடைபோடும் வேலை பார்த்தவராம்.
"காலணியை முள்ளெலியில் தேய்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.
குனிந்து பார்த்தேன்.
முதுகெல்லாம் பிரஷ் மயிராக ஒரு முள்ளெலி
வாசலில் என் பனியைத் தின்னக் காத்திருந்தது.

உள்ளே
கோட்டை வாங்கிக்கொண்டது ஆக்டோபஸ்.
எட்டுக் கைகளில் ஏழில் ஏற்கெனவே ஏதோ தொங்கியது,
எட்டாவதை எனக்கென்று விட்டுவைத்த மாதிரி.
சுவர்க்கடிகார ஆந்தை
நொடிக்கொரு தரம் கண்ணை இடம் வலம் உருட்டி
என் கூலியைக் கணக்குப் போட்டது.
நத்தைச் சர்க்கரைக் கிண்ணம்
மெதுவாகத்தான் திறந்தது.
சோபாவின் நான்கு சிங்கப் பாதங்களுக்கும்
கம்பளிக் காலுறை, சிவப்பு வெள்ளைப் பின்னல்.
"நகம் கீறுகிறதென்று
கீழ்வீட்டு இமன்ட்ஸ் புகார் கொடுத்தார்.
சிங்கம் வளர்க்கிறவளுக்குப் பொறுப்பு வேண்டாமா?"
அவர் சிரிக்கவில்லை.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேலை இதுதான்:
பழைய சாமான் சந்தையில் வாங்கிய பீங்கான் வாத்து,
என் இடுப்பு உயரம்.
அலகில் பல்பு எரிய வேண்டும்,
வாலை இழுத்தால் அணைய வேண்டும்.
இருபத்தாறு வருஷத்தில்
பள்ளிக்கூடம், மீன் பதனிடும் ஆலை,
ஒரு தேவாலயத்து மணிக்கூண்டு வரை
ஒயர் இழுத்திருக்கிறேன்.
தொண்டைக்குள் இழுத்ததில்லை.
கழுத்து இரண்டு இடத்தில் வளைகிறது.
சோப்புத் தடவி
அங்குலம் அங்குலமாக ஏற்றுகையில்
"வலிக்குமோ" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.
சமையலறையிலிருந்து பதில் வந்தது:
"பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யுங்கள்."

கொடுத்தேன்.
என்ன பேசினேன் என்பது
எனக்கும் வாத்துக்கும் இடையில் இருக்கட்டும்.

முகம் எந்தப் பக்கம் என்று கேட்டபோதுதான்
அவர் கொஞ்சம் யோசித்தார்.
ஜன்னல் பக்கம் வேண்டாம்.
"கூட்டமெல்லாம் தெற்கே போய் இரண்டு மாதமாகிறது,
இதற்கு ஏன் அதை நினைவுபடுத்த வேண்டும்?"
கதவைப் பார்த்து வைத்தோம்.
வாலை இழுத்தார்.
அலகில் மஞ்சள் வெளிச்சம்.
சுவரில் ஆக்டோபஸின் நிழல்
என் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.
கூலியோடு
சீரகம் போட்ட பாலாடைக்கட்டி ஒரு துண்டு.
ஆந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பணத்தை எண்ணினேன்.

என் வீடு ஆற்றுக்கு அந்தக் கரை.
ஒற்றை அறை, வெள்ளைச் சுவர்.
நாற்காலிக்கு நாற்காலியின் கால்,
மேசைக்கு மேசையின் கால்.
ஃபோனைச் சார்ஜில் போடக் குனிந்தவன்
பிளக் பாயிண்ட்டின் முன்னால்
குந்தியபடியே இருந்துவிட்டேன்.
வட்டக் குழிக்குள் இரண்டு துளை.
ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறேன் இதை.
பன்றிக்குட்டியின் மூக்கென்று
யாரும் சொன்னதில்லை.

பெட்டியில் பென்சில் இருந்தது.
இரண்டு காது போட்டேன்.
இடது காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது,
வலது மடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.
அதற்கப்புறம்
அந்த மூக்குக்குள் எதையும் செருகக்
கை வரவில்லை.

காலையில் ஃபோன் செத்துக் கிடந்தது.
ரொட்டிக்கடையில் இரவல் வாங்கிய ஒயரில்
உயிர் வந்ததும்
தவறிய அழைப்பு மூன்று, குரல்செய்தி ஒன்று:
"ஸ்கைத்ரீதே பேசுகிறேன்.
வாத்து விட்டுவிட்டு எரிகிறது,
எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது போல.
உடனே வாருங்கள்."

கொஞ்சம் கரகரப்பு.
பின்னால் ஆந்தையின் டிக் டிக்.

"இல்லை, இருக்கட்டும்.
ஏதோ சொல்ல வருகிறது.
சொல்லி முடித்த பிறகு வந்தால் போதும்."