உயரம்: 212 மீட்டர்

இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.
ஒரே சாம்பல் நீலம், அடிச்சிறகில் ஒரே ஏழு புள்ளி,
ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிடும் உடம்பு.
மூன்று மாதம் லென்ஸ் வைத்து எண்ணினேன்.
வேறு என்று எழுத ஒரு மயிரிழை கிடைக்கவில்லை.

பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு
எங்கே பார்த்தோம் என்பதை மட்டும் கணினிக்குக் கொடுத்தேன்.
அழகர்மலையில் நாற்பத்தோரு இடம்,
மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் பாறைகளில் பத்தொன்பது.
ஐப்பசி மழை, சித்திரை வெயில்,
மண், சரிவு, உயரம்
ஒன்றன்மேல் ஒன்றாக.

நாகமலைப் புதுக்கோட்டை வாடகை அறை.
ராத்திரி ரெண்டரை, கரண்ட் போய் வந்த பிறகு
வரைபடம் இரண்டாகச் சிவந்தது.
மலையில் இருப்பவளுக்குப் பொட்டலில் இடமில்லை.
பொட்டல்காரி மலையின் ஈரத்தில்
ஒரு வாரம் தாங்கமாட்டாள்.
நடுவே வெறும் வெள்ளை,
நெல்வயல், நான்குவழிச் சாலை.

மொக்கைச்சாமிக்கு இது அதிசயமாகப் படவில்லை.
"எங்க ஊர்ல ரெண்டு இருளாயி இருக்காங்க மேடம்.
அப்பன் பேரும் ஒண்ணு.
தபால்காரரு மூஞ்சியப் பாத்தா பிரிக்கிறாரு?
ஒருத்தி மத்தியானம் பருத்திக்காட்டுல இருப்பா,
இன்னொருத்தி தையக் கம்பெனி வாசல்ல."
என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அவ்வளவுதான்.

சிவப்பிலேயே கருஞ்சிவப்பாய் ஒரு சதுரம்.
யாரும் போய்ப் பார்த்ததாகப் பதிவில்லை.
உயரம் 212 என்றது அடுக்கு.
டிவிஎஸ் ஃபிஃப்டியில் வலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு
பஞ்சாயத்து ரோடு முடிகிற இடம்வரை போனோம்.

மலை இல்லை.
அல்வாவை வெட்டியெடுத்த தட்டுபோல
நேர்கோட்டில் இறங்கும் பாறைச்சுவர்கள்,
அடியில் பச்சைத் தண்ணீர்.
கைக்கருவி 131 என்றது.
கணினி பொய் சொல்லவில்லை.
செயற்கைக்கோள் அளந்த வருஷம் இங்கே மலை இருந்திருக்கிறது.
மிச்ச எண்பத்தோரு மீட்டர்
எந்த ஊர் விமான நிலையத்தில்
யார் பெட்டியை உருட்டிப் போகிறார்களோ அதன்மேல்.

திரும்பலாம் என்றேன்.
லாரி டிரைவர் ஒருவர் பள்ளத்தின் ஓரமாய்
ஒதுங்கிவிட்டு வந்தார்.
அவர் நனைத்த மண் காய்வதற்குள்
மூன்று நீலம் வந்து உட்கார்ந்து
உப்பை உறிஞ்சத் தொடங்கின.

மொக்கைச்சாமி சிரித்த சிரிப்பில் வலை ஆடியது.
எங்கே இருக்கும் என்று சொன்ன இயந்திரம்
எதைக் குடித்து இருக்கும் என்று சொல்லவில்லை.

ஒன்றைப் பிடித்து ஒரு காலை மட்டும் எடுத்தேன்,
சாராயக் குப்பியில் அது ஒரு கமாவாக மிதந்தது.
விட்டதும் பறந்துபோகும் என்று நினைத்தேன்.
ஐந்து காலோடு அதே ஈரத்துக்கே போனது.

படிவத்தில் பெயர் என்ற கட்டம்,
பழைய பெயரையே பென்சிலால் எழுதினேன்.
உயரம் என்ற கட்டத்தில் இரண்டு எண்ணையும்.
இரண்டாவது எண் கோட்டைத் தாண்டி
தேதியின்மேல் ஏறிவிட்டது.