உறவு: மகள்

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் ஓய்வு.
அதில்தான் கடிதத்தைப் பிரித்தேன்.
டிராமின் கண்ணாடியில் பால்டிக் காற்று
மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

லியபாயா நகராட்சி, சமூக சேவைப் பிரிவு.
தாலிவால்திஸ், வயது எழுபத்தாறு,
முதியோர் இல்லம், இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.
ஓய்வூதியம் போதவில்லை.
மீதியைப் பிள்ளைகள் ஏற்க வேண்டும்.
உறவு: மகள். என் பெயர், வெல்கா.
அதற்குக் கீழே
உறவு: மகன். எட்வின்ஸ்.

நாற்பத்தோரு வயதில்
எனக்கு ஒரு தம்பி பிறந்தான்,
பதிவுத் தபாலில்.

அப்பா மீன்பிடிக் கப்பலில் போனபோது எனக்கு எட்டு வயது.
கப்பல் திரும்பி வந்தது.
அவர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டார்.
பாலத்தைக் கடந்தால் எங்கள் வீடு பத்து நிமிடம்.
முப்பது வருடத்தில் அந்தப் பத்து நிமிடம்
அவருக்குக் கிடைக்கவில்லை.
அதே பாலத்தின் மேல்தான் நான்
நாளுக்குப் பதினாறு தடவை டிராம் ஓட்டுகிறேன்.
இந்த எட்வின்ஸ் எத்தனை முறை
ஈரக் குடையோடு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்?

வழக்கறிஞர் சொன்னாள்:
கடமை தவறிய தகப்பனுக்குப் பிள்ளை கடன்பட்டவளில்லை,
ஆனால் நிரூபிக்க வேண்டும்.

வந்ததற்கு ரசீது இருக்கும்.
வராததற்கு எங்கே போவேன்?
அம்மாவின் தையல் மிஷின் இழுப்பறையில்
பாபின்களுக்கு அடியில் கிடந்தது பழைய தீர்ப்பு.
மாதம் ஒன்பது லாட்ஸ் ஜீவனாம்சம்.
என் ஜீவனில் அவருடைய அம்சம், ஒன்பது.
அந்த நாணயமே செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.
தர வேண்டும் என்றுதான் காகிதம் சொன்னது.
தரவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதிமன்றத்துக்கு எட்வின்ஸ் வந்திருந்தான்.
பேக்கரியில் இரவு வேலை. புருவத்தில் மாவு.
என் மூக்கு அவன் முகத்தில் இருந்தது,
கேட்காமல் எடுத்துப் போனதுபோல.
நான் விடுபட்டால் முழுத் தொகையும் அவன் தலையில்.
வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.
என்னை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறான் என்று
நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு,
"இவளுக்கு அவர் எதுவும் தரவில்லை.
எனக்குத் தெரியும்.
தராததைத் தின்று வளர்ந்தவன் நான்.
சிவப்பு சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தார்.
அது இவளுடைய எத்தனை மாதம் என்று
கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்."
எத்தனை என்று சொல்லவில்லை.
நீதிபதியும் கேட்கவில்லை.

விடுவித்தார்கள்.
நாலு பக்கத் தீர்ப்பு.
அப்பாவை வெறுக்கச் சொல்லி அதில் இல்லை,
போய்ப் பார்க்கச் சொல்லியும் இல்லை.
இன்னும் போகவில்லை நான்.
ஜன்னலோரக் கட்டில் என்பது மட்டும்
பற்களுக்கிடையில் மீன்முள் மாதிரி.
அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும்?

வியாழக்கிழமை, முதல் டிராம்.
பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறினான்,
அக்குளில் காகிதம் சுற்றிய கறுப்பு ரொட்டி,
சூடு இன்னும் போகாதது.
தம்பிக்கு இலவசம் என்று விதி கிடையாது.
எண்ணி நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.
மீதிச் சில்லறையைக்
கொஞ்சம் மெதுவாகத் தந்தேன்.