வெள்ளை முடியும் இடம்

ஐந்தேகால். தலைகுந்தாப் பள்ளத்தில்
வெள்ளை முடியும் இடத்தைத் தேடிக்
குனிந்தபடி நடக்கிறேன்.
டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு புல்லும்
உப்புப் பூத்து விறைத்திருக்கிறது.
மிதித்தால் அப்பளம் என்று
முதல் வருஷக் கள நோட்டில் எழுதியிருந்தேன்.
அதிகாரி அடித்துவிட்டார்.

வெள்ளை நின்று பச்சை தொடங்கும் கோட்டில்
ஒரு மூங்கில் குச்சி, சிவப்புத் துணி.
ஜனவரி பத்திலிருந்து இருபது வரை
பதினோரு விடியல்.
அவற்றில் அதிகம் மேலேறியது எதுவோ
அதுதான் அந்த வருஷம்.

ஸ்டான்ஸின் லாஹௌலில் இதையே செய்கிறான்,
பனியாற்றின் மூக்கடியில்.
பயிற்சி முகாமில் பழக்கம்.
பாறையில் பெயிண்டால் வருஷம் எழுதி
அங்கிருந்து பனி எவ்வளவு பின்வாங்கியது என்று
நாடா பிடித்து அளந்து அனுப்புவான்.
பதினெட்டு மீட்டர். இருபத்துமூன்று.
போன வருஷம் நாடா போதவில்லை.
உன்னுடையது எவ்வளவு என்பான்.

என்னுடையது எட்டரைக்குக் கரைந்துவிடும்.
ஒரு ராத்திரி வயசுள்ள பனியாறு,
முதல் பஸ் திரும்புவதற்குள் செத்துப்போவது.
ஆனாலும் அதற்கும் பின்வாங்கத் தெரிகிறது.
அவனுடையது ஏறி ஒளிகிறது,
என்னுடையது இறங்கி.

நான் வந்த வருஷம் குச்சி
ஜோகியின் தேயிலை வேலியைத் தாண்டி நின்றது.
பிறகு வேலிக்கு இந்தப் பக்கம்.
பிறகு கேரட் பாத்தி.
நடுவில் ஒரு வருஷம் மறுபடி வேலிவரை ஏறி
என் வரைபடத்தைக் கெடுத்தது.
அன்றைக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தேன்.
அதே காலையில் ஜோகி
கருகிய கொழுந்தை என் கையில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஸ்டான்ஸினின் பனி போனால்
கீழே ஓர் ஊர் தண்ணீருக்குத் தவிக்கும்.
என் பனி போனால்
மேலே ஒருவருக்கு அரை ஏக்கர் கொழுந்து மிஞ்சும்.
"இன்னும் கீழே தள்ளும்மா உன் குச்சியை" என்கிறார்,
நான்தான் நகர்த்துகிறேன் என்பதுபோல.

இன்று வெள்ளை
ஓடைக்கரைச் சதுப்பை விட்டு ஏறவேயில்லை.
ஊன்றினேன். சேற்றில் குச்சி தானாகவே இறங்கியது.
இதற்குக் கீழே தண்ணீர்தான்.
அடுத்த வருஷம் எங்கே, என்று நோட்டில் எழுதி
நானே அடித்தேன்.

திரும்பும்போது வேலியடியில் ஒரு பழைய குச்சி.
துணி வெளுத்து நூலாகியிருந்தது,
தேயிலை அதைப் பாதி மூடியிருந்தது.
கவாத்துக் கத்தியோடு நின்ற ஜோகி
பிடுங்கிவிடட்டுமா என்றார்.

இருக்கட்டும் என்றேன்.
பெயிண்ட் அடிக்க
எனக்குப் பாறை இல்லை.