பேர் விழாத வேலை

ஞாயிற்றுக்கிழமை. பிரட்டுக் களத்தில் நாய்கூட இல்லை.
பொகவந்தலாவைக்கு இறங்கும் ரோட்டில்
குழாயடியில் நாங்கள் எட்டுப் பேர்.
எட்வின் இன்னும் வரவில்லை.
"வருவான். நேத்து சம்பளம்ல" என்கிறாள் தவராணி,
பாவாடையைத் தூக்கிச் சொருகி
முதல் ஆளாய் ஓடையில் இறங்குகிறாள்.
குளிர் முழங்காலில் ஏறிப்
பல்லில் வந்து நிற்கிறது.

இந்த வேலைக்குப் பேர் விழாது.
செக்ரோலில் கோடு இல்லை, கைக்காசும் இல்லை.
ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று
ஆறு நாளும் தராசைப் பார்த்த கைகள்
இன்று நிறுக்காமல் அள்ளுகின்றன:
உரப்பை, ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு,
வீங்கிய டோர்ச் பற்றரி,
போன தேர்தலில் கும்பிட்டவரின் பாதி முகம்.

கொப்பி என்னிடம்.
எழுதுகிறேன்: கல், மூன்று உரப்பை.
கொழுந்தல்லாததை இந்தத் தோட்டத்தில்
கணக்கெழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

ரோட்டுக்குக் கீழே ஓடையைக் குழாய்க்குள் விட்டவர்கள்
குழாயின் வாயைத்
தண்ணீருக்கு மூன்றடி மேலே வைத்துவிட்டுப் போனார்கள்.
தண்ணீருக்கு விழத் தெரியும், விழுந்தது.
மீனுக்கு ஏறத் தெரியும், ஆனால்
அவ்வளவு இல்லை.
அது கீழே முட்டி முட்டித் திரும்பியதை
முதலில் பார்த்தவள் சுனேத்ரா,
கீழ்க் கொலனியில் லீக்ஸ் போடுகிறவள்.
எங்கள் தண்ணீரில் அவள் பாத்தி நனைகிறது,
எங்கள் அழுக்கிலும்தான்.
சண்டைக்கென்று மேலே ஏறி வந்தவள்
பாதிச் சண்டையில் ஒரு கல்லைத் தூக்கினாள்.
இன்னும் கீழே வைக்கவில்லை.

படி கட்டுகிறோம்.
பெரிய கல் அடியில், சப்பைக் கல் மேலே,
நடுவில் ஒரு மீன் நின்று மூச்சு வாங்க
உள்ளங்கையளவு குழி.
ஐப்பசி மழை ஒரே ராத்திரியில்
எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போனது.
மறுநாள் தவராணி ஓடையைத் திட்டியதை
இந்தக் கொப்பியில் எழுத முடியாது.
திட்டி முடித்துச் சொன்னாள்:
"சரி, எங்க கொண்டுபோய் வச்சிருக்குன்னு பாருங்க.
அங்கேருந்து தூக்குவோம்."

எட்வின் வருகிறான், கண் சிவந்து.
திங்கள் முதல் சனி வரை
அவன் முதுகில் மருந்து டேங்க்.
நாங்கள் கரையில் நட்ட பன்னத்துக்கும்
அவன் குழலுக்கும் நடுவில்
இரண்டு எட்டு நிலம்.
"அடிக்கிறதும் நீ, நடுறதும் நீ" என்று
யாரோ பகிடி விட்டார்கள் ஒருநாள்.
அவன் சிரிக்கவில்லை.

இந்தப் புதன்கிழமை ஓடைக்கரை வரிசைக்கு வந்ததும்
குழலை மூடியிருக்கிறான்.
குனிந்து கையால் புல் பிடுங்கியிருக்கிறான்.
வரிசை முடியவில்லை.
அரைப்பேர்.
அவன் சொல்லவில்லை, கணக்கப்பிள்ளை சொன்னார்.
கொப்பியைத் திறந்தேன், மூடினேன்.
எந்தப் பக்கத்தில் எழுதுவது அதை?

பதினொரு மணி வெயில் குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறது.
சுனேத்ரா கை காட்டுகிறாள், பேசாமல்.
இரண்டாம் படியில், கல்லோடு கல்லாய்,
விரல் நீளம், பாசி நிறம்,
வாயால் பாறையைப் பிடித்துக்கொண்டு
வால் மட்டும் துடிக்க
ஒன்று.
தண்ணீர் போ போ என்கிறது.
அது கேட்கவில்லை.

"கல் பாண்டியா" என்றாள்.
உங்கள் மொழியில் என்ன என்று கேட்டாள்.
ஒருவரையொருவர் பார்த்தோம்.
இதே தண்ணீரில் குளித்து, துவைத்து,
பிள்ளைக்குக் கால் கழுவி, சாம்பல் கரைத்து,
இதற்கு ஒரு பேர் வைக்காமலே
இருந்திருக்கிறோம்.

"கல்லுப்புடியன்" என்றான் எட்வின்,
ரொட்டி வாயோடு.
"எழுது" என்றாள் தவராணி.
எழுதினேன்: கல்லுப்புடியன், ஒன்று.

மை காயவில்லை,
அது மூன்றாம் படிக்கு எம்பி, வழுக்கி,
இரண்டாம் படியிலேயே வந்து விழுந்தது.
"அரைப்பேர்" என்றேன், அவனைப் பார்க்காமல்.
இப்போது சிரித்தான்.
பிறகு மீதி ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு
"மூணாவது கொஞ்சம் ஒசரம்" என்று
மறுபடி தண்ணீரில் இறங்கினான்.