முப்பத்தைந்தாம் இரவு

தோண்டியவர் என் கட்சிக்காரர்.
அதை மறைக்க முடியாது, பில் போட்டிருக்கிறார்:
காந்தி ரோட்டுக்குப் பின்சந்து, பாதாளச் சாக்கடை,
ஏழடி ஆழம், பதினோரு மீட்டர் நீளம்.
தடுப்புக்கும் விளக்குக்கும்கூடப் பில் உண்டு.
தடுப்பும் விளக்கும்தான் இல்லை.

விழுந்தவர் நிர்மல் மைத்தி, மேதினிப்பூர்.
மனைவிக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள்
லாட்ஜிலிருந்து வெந்நீர் வாங்கக் கிளம்பியவர்.
இடுப்பெலும்பு முறிந்ததைவிட
ஃபிளாஸ்க் உள்ளுக்குள் நொறுங்கிய சத்தத்தைத்தான்
திரும்பத் திரும்பச் சொன்னார்,
மொழிபெயர்ப்பாளர் வழியாக.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதே சார்"
என்றார் தணிகைவேல், என் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து.
"ஒரு காசு வாங்கினதில்ல, ஒரு வார்த்தை பேசினதில்ல.
யாரோ எவரோ. அவருக்கு நான் என்ன கடன்பட்டேன்?"

நல்ல கேள்வி.
சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம் இதைத்தான் படித்தோம்.
பதில் ஒரு வரிக்குள் அடங்கும்:
குழியை வெட்டும்போதே, அதில் விழப்போகிறவன்
உனக்குத் தெரிந்தவன் ஆகிவிடுகிறான்.
ஃபீஸ் வாங்கும் முன்பு அந்த வரியை நான் சொல்லவில்லை.

சத்துவாச்சாரி கோர்ட். மே மாதம், கறுப்பு கோட்டு.
வா.சா. 2, நூருன்னிசா, தையல் வேலை.
சந்து முனையில் மிஷின் போட்டிருப்பவர்.
இரவு கடை அடைக்கும்போது
மிஞ்சிய சிவப்பு லைனிங் துணியைக் கம்பில் சுற்றிக்
குழியோரம் நட்டுவிட்டு
கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்.
முப்பத்துநாலு இரவு.
அடுத்த இரவு மகளுக்கு வலி கண்டது.
பென்ட்லாண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.
கம்பு கடைக்குள்ளேயே சாய்ந்திருந்தது.

குறுக்கு விசாரணையில் எனக்கு வழி தெரிந்தது.
"உங்களை யாராவது வைக்கச் சொன்னார்களா?"
"இல்லைங்க."
"சம்பளம்?"
"இல்லைங்க."
"தினமும் வைத்தீர்கள். ஜனங்கள் அதை நம்பி நடந்தார்கள்.
அன்றைக்கு நீங்கள் வைக்கவில்லை. விழுந்தார். சரிதானே?"
கண்ணை எடுக்காமல் பார்த்தார்.
"சரிதாங்க. பேரன் முகத்தப் பாத்த அன்னிக்கே
எனக்கும் அது தோணிச்சு.
அந்தக் கணக்கு எனக்கும் அல்லாவுக்கும்."

அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.
பல்லைப் பிடுங்கியபின் ஈறைக் கிளறக் கூடாது.
கிளறினேன்.
"யாராவது விழுவார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குழி இருந்திச்சுங்களே."

டைப்பிஸ்டின் விரல் ஒரு கணம் நின்று
பிறகு அதை அடித்தது.
இரண்டே சொல்.
என் எதிருரை பதினாறு பக்கம்:
தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு,
வாதியின் செருப்பு வழுக்கும் ரகம்,
அன்று தூறல்,
வெந்நீர் லாட்ஜிலேயே கிடைக்கும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இரவு பாகாயம் திரும்பினேன். என் தெருவில்
கால்வாய் மூடிய கல்லொன்று நாலு மாதமாக ஆடுகிறது.
நான் போட்டதில்லை. நான் உடைத்ததில்லை.
எங்கே கால் வைக்கக் கூடாது என்று மட்டும் தெரியும்.
கேஸ் கட்டோடு, இருட்டில்,
எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன்.

ஸ்கூட்டரை உருட்டி வந்து
அதன் குறுக்கே நிறுத்தினேன்.
இரவு ஒன்று.

காலையில் பத்தரைக்குக் கோர்ட்.
வண்டியை எடுத்தாக வேண்டும்.