ஈரப்பதம் பத்தொன்பது

எட்டு பார். அதோடு நின்றுவிடும்.
மறுபடி முதலிலிருந்து அதே எட்டு.
கார்த்திகையில் தொடங்கி முப்பத்தொரு துண்டுகள்,
ஒன்றுகூட பாட்டில்லை.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில்
ஈரம் பார்ப்பவன்.
கைப்பிடி நெல்லை மீட்டரில் போட்டு
எண் சொல்வேன். பதினேழு வரை உள்ளே.
போன வாரம் எடமேலையூர் மலர்க்கொடிக்குப் பத்தொன்பது.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
நான் மீட்டரைப் பார்த்தேன்.
மூன்று நாள் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் கிடந்தார்.

என் ஒலியெல்லாம் அங்கே திருடியதுதான்.
லாரியில் மூட்டை விழும் தொம், அது கிக்.
சாக்கு தைக்கும் மெஷின் ஹை-ஹாட்.
தூற்றும் மெஷினின் இரைச்சலை நறுக்கினால் ஸ்நேர்.
சுமை தூக்கும் ஆரோக்கியதாஸ் காதில் மாட்டிவிட்டேன்.
தலையில் சும்மாடு அப்படியே இருக்க
இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டார்.
"நல்லாத்தான் இருக்கு.
பாட்டு எப்ப தொடங்கும்?"

மென்பொருள் இலவசம். ஒரே நிபந்தனை,
சேமிக்கலாம், திறக்க முடியாது.
மூடினால் மூடியதுதான்.
மடிக்கணினி பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.
பாட்டரி செத்து மூன்று வருஷம்,
ஒயர் அசைந்தால் உயிர் போய்விடும்.
ஆக, பாட்டு என்றால் ஒரே உட்காரலில்,
மன்னார்குடி துணைமின் நிலையம் மனம் வைக்கும் வரை.

தை கடைசி வெள்ளி.
சாக்கு வரவில்லை, மறுநாள் கொள்முதல் கிடையாது.
ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன்.

என் குரலைப் பதிந்தால் அடியில் ஒரு முனகல்.
ஐம்பது ஹெர்ட்ஸ். ப்ளக்கில் எர்த் இல்லை.
வடுவூர் வரைக்கும் வயல்,
கண்ணுக்கெட்டிய மட்டும் மண்,
எனக்கு எர்த் இல்லை.
அந்த முனகலை வெட்டிப் பார்த்தேன், குரலும் சோகை பிடித்தது.
சரி, நீயே சுருதியாக இரு என்று
மற்ற எல்லாவற்றையும் முப்பத்தைந்து சென்ட் ஏற்றி
அதன் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

எட்டு பாரைப் பன்னிரண்டு முறை ஒட்டினேன்.
குடோன் சுவர்போல நின்றது.
பிறகு எடுக்கத் தொடங்கினேன்.
முதல் பதினாறு பாருக்குக் கிக்கை எடுத்தேன்.
இரண்டாம் சுற்றில் தையல் மெஷினை.
நடுவில் துணிந்து எல்லாவற்றையும் எடுத்தேன்,
முனகல் மட்டும், நாலு பார்.
அந்த இடத்தில்தான்
அடுத்து என்ன வரும் என்று
செய்தவனுக்கே கேட்கத் தோன்றியது.

மணி இரண்டு. எதிரொலிக்கு ஒரு திருகு.
இந்தப் பக்கம் ட்ரை, அந்தப் பக்கம் வெட்.
சிரித்துவிட்டேன். இங்கேயுமா?
சுழியில் வைத்தால் வறண்ட தொண்டை.
நாற்பதில், மழையில் நனைந்து முளைவிட்ட மூட்டை.
கை பழக்கத்தில் பதினேழில் நின்றது.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்தேன்.
பிறகு பத்தொன்பதுக்கு ஏற்றினேன்.
உள்ளே விட்டேன்.

மூன்று நாற்பதுக்கு ஏற்றுமதி.
அறுபது சதவீதத்தில் பல்பு மங்கியது,
ஃபேன் சோர்ந்தது.
ஒயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
மூச்சுகூட ஓரமாக விட்டேன்.
எண்பத்தெட்டு.
தொண்ணூற்றொன்று, அங்கேயே வெகுநேரம்.
நூறு.
அடுத்த நொடியே போயிருந்தால் கதைக்கு நன்றாயிருக்கும்.
போகவில்லை. நானே அணைத்தேன்.

இரண்டு நிமிஷம் ஐம்பத்தொரு நொடி.
ஒன்று நாற்பத்தேழில் ஒரு மூட்டை
அரை நொடி தாமதமாக விழுகிறது.
திறந்து திருத்த வழியில்லை.

திங்கள்கிழமை ஆரோக்கியதாஸ் கேட்டார்,
பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு.
அந்த இடம் வந்தபோது
அவர் வலத்தோள் லேசாகச் சாய்ந்து, காத்திருந்து,
வந்ததை வாங்கிக்கொண்டது.

"முடிஞ்சிட்டா?"

முடிந்தது என்றேன்.
வாசலில் டிராக்டர் நின்றது.
மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.