மூன்றாம் அறை

வீரபாண்டி பிரிவு தாண்டி சாயப்பட்டறை. இரவு ஒன்றே கால்.
கீழே நாலு விஞ்ச் ஓடுகிறது, மயில்கழுத்து நீலம்.
சாய அளவெல்லாம் இந்தப் பெட்டிக்குள்.
பாதியில் நின்றால் எண்ணூறு கிலோ துணியும்
திட்டுத் திட்டாகிவிடும்.
"நிறுத்தாம மாத்த முடியுங்ளா அம்மிணி?"
செங்கோட்டுவேலு கேட்பது மூன்றாம் தடவை.

முடியும்.
எதை உருவுவது என்று தெரிந்தால்.

இரண்டாம் டிஸ்க் போய்விட்டது என்கிறது திரை.
திரை சுழியத்திலிருந்து எண்ணும்.
பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவிட்டுப் போனவன்
ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறான்.
இந்த இரண்டுக்கும் அந்த இரண்டுக்கும் நடுவே
ஒரு நல்ல டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கிறது
ஒன்றும் அறியாமல்.

சீரியல் எண்ணின் கடைசி நாலை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
விளக்கைச் சிமிட்டச் சொன்னேன்.
மூன்றாம் அறையில் மஞ்சள்.

ரேக்கின் இரும்பைத் தொட்டுவிட்டு
தாழை அழுத்தி, ஒரு விரற்கடை இழுத்து
அப்படியே விட்டேன்.
உள்ளே தகடு இன்னும் சுழன்றது,
செத்த பிறகும் பழக்கத்தில்.
அந்த நடுக்கம் விரலில் அடங்கும்வரை
முப்பது எண்ணினேன்.
"என்னாச்சுங், சிக்கிக்கிச்சுங்ளா?"

எண்ணைச் சரிபார்த்தேன். அதுதான்.
புதியதை நுழைத்தேன்.
க்ளிக்.
கீழே விஞ்ச் ஒரு சுற்றுகூடத் தவறவில்லை.

"இவ்வளவுதானுங்ளா? இதுக்கா மூவாயிரம்?"

ஒரு சதவீதம்.
இன்னொன்று விழுந்தால் எல்லாமே போகும் என்கிற
ஆறு மணி நேரம் இனிதான்.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
வியர்வையில் எண் அழிந்துகொண்டிருந்தது.

அவர் டீ சொல்லப் போனார்.
இரண்டு.